ஜாப் கார்டில் ஒரு டிக் போதாது: மின்கார் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வீஸ் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கடந்த மே மாதம் ஒரு விடிகாலையில், மதுரை ரயில் நிலையத்துக்குக் கிளம்பி நின்றபோது எங்கள் மின்காரின் கதவே திறக்கவில்லை. முந்தைய இரவு பெரிய பேட்டரியில் 78 சதவீதம் சார்ஜ் இருந்தது. ரிமோட்டுக்குள் இருக்கும் சிறு சாவியை உருவிக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. உதவிக்கு வந்த மெக்கானிக் பானட்டைத் தூக்கி, 12 வோல்ட் துணை பேட்டரியில் மீட்டரை வைத்தார், 9.8 காட்டியது. ஐந்து வாரம் முன்புதான் சர்வீஸ் முடிந்திருந்தது. பார்த்த வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'பேட்டரி' என்ற வரிக்கு எதிரே ஒரு டிக் இருக்கிறது. எந்த பேட்டரிக்கு என்பதுதான் விளங்கவில்லை.

பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சுகளான காண்டாக்டர்கள் மூடுவதற்கே இந்தச் சின்ன பேட்டரியின் மின்சாரம்தான் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெட்ரோல் வண்டியிலாவது செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றி முன்கூட்டியே எச்சரிக்கும். மின்காரில் செல்ஃப் மோட்டாரே இல்லாததால், நலிந்துபோன பேட்டரியும் கடைசி நாள்வரை நல்ல பேட்டரி போலவே நடந்துகொள்கிறது. ஈய அமில பேட்டரியை வெயில் வேகமாகக் கெடுக்கும் என்பதால் எங்கள் ஊரில் சின்ன பேட்டரியைச் சோதிப்பதற்கு இன்னும் அவசியம் அதிகம்.

சோதிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வண்டி ஓடி நின்றதும் மீட்டர் வைத்தால் மேலோட்டமான சார்ஜையே அது காட்டும். பானட்டைத் திறந்து வைத்து, கதவுகளைப் பூட்டி, ரிமோட்டைத் தள்ளி வைத்து, சில மணி நேரம் கழித்து அளந்தால் சாதாரண ஈய அமில பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி சார்ஜ்தான். வோல்ட் சரியாக இருந்தும் கொள்ளளவு தேய்ந்திருக்கலாம் என்பதால், பேட்டரியின் வகையைச் சரியாகத் தேர்ந்து டெஸ்டர் வைத்தோ, லோடு கொடுத்தோ பார்க்க வேண்டும். பிறகு வண்டியை ரெடி நிலைக்குக் கொண்டுவந்து, பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரிக்கு மின்சாரம் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அப்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். பேட்டரி நன்றாக இருந்து, சார்ஜ் ஏற்றும் பாகம் பழுதானாலும் வண்டி நின்றுவிடும். 2024இல் இந்தியாவில் 1,744 ஹூண்டாய் அயோனிக் 5 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டது அத்தகைய பாகத்துக்காகத்தான்.

ஆகவே ஜாப் கார்டில் அந்த டிக்குக்குப் பதிலாக, ஓய்வு நிலை வோல்ட், டெஸ்டர் முடிவு, சார்ஜ் ஏறும் வோல்ட் ஆகிய மூன்றையும் எழுதக் கட்டம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டியைப் பல மணி நேரம் ஓய்வில் வைப்பது ஒரே நாள் சர்வீஸில் சிரமம்தான். முதல் நாள் மாலையே வண்டியை விட்டுச்செல்லச் சொன்னால் நாங்கள் மறுக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மின்கார் உரிமையாளர்