பிரசவத்துக்கு முன்பே சொல்லித்தர வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதி சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றைப் பற்றித் தொடர்ந்து எழுதி வருகிறது. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதையும், அடிவயிற்றில் ஏதோ இறங்கி வருவதுபோல் கனப்பதையும் ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்காகவும் அந்தப் பகுதியில் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். பிள்ளை பெற்றால் இப்படித்தான் இருக்கும், வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று தாய் மகளுக்கும் மாமியார் மருமகளுக்கும் சொல்லிச் சொல்லியே இது நோயின் கணக்கில் சேராமல் போய்விட்டது. பலருக்கும் வருகிறது என்பது உண்மை. அதற்காக அதைச் சகித்துக்கொண்டே வாழ வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்குக் கத்தியின்றியே குணம் தெரியும்.

முன்புறம் அடிவயிற்றின் கீழுள்ள எலும்பிலிருந்து பின்புறம் வால் எலும்புவரை தூளி போல விரிந்திருக்கும் தசைகளையே இடுப்புத்தளம் என்கிறார்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவதும், சிறுநீரையும் மலத்தையும் வாயுவையும் நாம் விரும்பும்வரை அடக்கிவைக்க உதவுவதும் இவைதான். சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவரும் வேளையில் இத்தசைகளின் சில பகுதிகள் இயல்பான நீளத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குவரை இழுபடுகின்றன என்று கணினி மாதிரிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. பெரும்பாலான தாய்மாருக்கு அவை மெல்ல மீண்டுவிடுகின்றன. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்க நேர்ந்தாலோ, கிழிசல் ஆசனவாய்த் தசைவரை சென்றாலோ மீள்வது கடினமாகிறது. சிசேரியன் இந்த ஆபத்தைக் குறைக்குமே தவிர முற்றிலும் நீக்கிவிடாது, ஏனெனில் கருவைச் சுமந்த மாதங்களிலேயே இத்தசைகள் பாரம் தாங்கித் தளரத் தொடங்குகின்றன. பிள்ளையே பெறாத பெண்ணுக்கும் நாள்பட்ட மலச்சிக்கலில் முக்குவதாலும், ஓயாத இருமலாலும், உடற்பருமனாலும், மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் குறைவதாலும் இதே தொல்லைகள் வரலாம்.

இத்தசைகளுக்கான பயிற்சியை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் விளக்கி எழுதினார். இருமினால் கசியும் வகைச் சிறுநீர்க் கசிவுக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை இப்பயிற்சியே என்பதை இன்று மருத்துவ உலகம் பரவலாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் தசையை உள்ளும் மேலுமாக இழுத்து, சில நொடிகள் பிடித்து, பிறகு முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமான நைஸ் தரும் அளவு. இருமலோ தும்மலோ வரப்போவதை உணர்ந்ததும் தசையை இறுக்கிக்கொள்ளப் பழகினால் அந்நேரத்துக் கசிவும் குறையும். சொல்வதற்கு இவ்வளவு எளிதான இந்தப் பயிற்சியை, வாய்ச்சொல்லைக் கேட்டு மட்டுமே செய்யும் பெண்களில் கணிசமானோர் தவறாகத்தான் செய்கிறார்கள்: மூச்சை அடக்குகிறார்கள், பிட்டத்தையும் தொடையையும் இறுக்குகிறார்கள், சிலர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகிறார்கள். கடைசியாகச் சொன்னது நன்மைக்குப் பதில் தீமையையே செய்யும். பாதிச் சிறுநீரில் நிறுத்திப் பழகுவதையும் அன்றாடப் பயிற்சியாகக் கொள்ளக் கூடாது. ஆகவே பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரோ செவிலியரோ ஒருமுறையேனும் பரிசோதித்து, சரியான தசைதான் இயங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் தசை தளர்ந்திருப்பதில்லை. சிலருக்கு அது எப்போதும் இறுகியே இருக்கிறது. தாம்பத்திய உறவின்போது வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் சிரமம், தீராத மலச்சிக்கல் என்று அவதிப்படும் இவர்களுக்கு இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டக்கூடும், தளர்த்தும் பயிற்சியே தேவை. காணொளியில் பார்த்ததை எல்லோரும் ஒரேபோல் செய்வது சரியாகாது என்பதற்கு இதுவே காரணம். கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பதும் தவறு, ஏனெனில் அடர்த்தியான சிறுநீர், சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டிச் சிறுநீர் கழிக்கும் அவசரத்தை அதிகமாக்கும். தேவையில்லாதபோதும் முன்னெச்சரிக்கையாகக் கழிவறைக்குப் போய்வருவதும் சிறுநீர்ப்பையைக் குறைந்த அளவுக்கே பழக்கிவிடும். கருப்பை இறங்கிய பெண்கள் பலருக்குப் பிறப்புறுப்பினுள் பொருத்தும் பெசரி எனப்படும் வளையமே போதுமானதாக இருக்கிறது. அறுவை சிகிச்சை அதற்குப் பின் யோசிக்க வேண்டியது.

இவற்றையெல்லாம் ஒரு பெண் எப்போது கேள்விப்படுகிறாள் என்பதில்தான் என் வருத்தம் இருக்கிறது. பெரும்பாலும் துணி மாற்றி மாற்றிக் களைத்து, வெளியூர்ப் பயணத்தையும் விசேஷங்களையும் தவிர்க்கத் தொடங்கிய பிறகே கேள்விப்படுகிறாள். பிரான்ஸ் நாட்டில் பிரசவத்துக்குப் பின் இத்தசைகளை மீட்டெடுக்கும் பயிற்சி அமர்வுகளுக்கான செலவை அரசின் மருத்துவக் காப்பீடே ஏற்கிறது. 2021இல் வெளியான நைஸ் வழிகாட்டுதலோ 12 முதல் 17 வயதுவரையுள்ள பெண்களுக்கே இடுப்புத்தளத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்கிறது. மாதவிடாயைப் பாடத்தில் வைக்கும் பள்ளியால் இதையும் ஒரு வகுப்பில் சொல்ல முடியும். கர்ப்பகாலப் பரிசோதனையில் எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும்போது பயிற்சியையும் கற்றுக்கொடுக்கலாம். பிரசவமாகி ஆறு வாரம் கழித்து வரும் தாயிடம் குழந்தையை மட்டும் விசாரிக்காமல், "சிறுநீர் கசிகிறதா, மலத்தை அடக்க முடிகிறதா, கீழே ஏதாவது இறங்குவதுபோல் இருக்கிறதா?" என்று மருத்துவரே நேரடியாகக் கேட்க வேண்டும். கூச்சத்தால் தானாகச் சொல்லாத பெண்ணும் கேட்டால் சொல்லிவிடுவாள்.

தங்கள் நாளிதழ் மகப்பேறு மருத்துவர் ஒருவரையும் இயன்முறை மருத்துவர் ஒருவரையும் கொண்டு இப்பொருள் குறித்துப் படங்களுடன் ஒரு தொடர் வெளியிட வேண்டுகிறேன். பெயர் குறிப்பிடாமல் வாசகியர் கேள்வி அனுப்ப வழிசெய்தால், மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் பலர் முதலில் அங்கே வந்து கேட்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி