கிளிசரின் ஏன் இளகியது? பினாங்கு நண்பனுக்கு ஒரு கடிதம்

கோலாலம்பூர்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கு எல்லாரும் சுகம். சாயங்காலமானால் மழை கொட்டுகிறது, துணி காய்வதில்லை. உன் கிளிசரினும் இதே ஈரத்தைத்தான் குடித்திருக்க வேண்டும்.

கிளிசரினில் விட்ட 2 மி.மீ. எஃகு உருண்டை 20 செ.மீ. தூரத்தை நான்கு நொடிக்குள் கடந்துவிட்டது, உருளைச் சுவர் வேகத்தைக் குறைப்பதற்கான திருத்தம் போட்டும் பாகுநிலை (ஓட்டத்துக்குத் திரவம் காட்டும் தடை) 240 மில்லிபாஸ்கல் நொடிதான், புத்தகத்தில் 1410 என்றல்லவா இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அந்த 1410 தூய கிளிசரினுக்கு, அதுவும் 20 டிகிரியில். ஏர்கோன் இல்லாத ஆய்வுக்கூடத்தில் 20 டிகிரிக்கு எங்கே போவது? 30 டிகிரியில் தூய சரக்கே 612க்கு இறங்கிவிடும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்ந்தால் 237.

ஐந்து பங்குதானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது எடைக் கணக்கு. தண்ணீர் மூலக்கூறு இலேசானது என்பதால், எண்ணிப் பார்த்தால் ஐந்து மூலக்கூறில் ஒன்று தண்ணீர். கிளிசரின் மூலக்கூறில் மூன்று ஓஎச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதிகள்; மூன்றும் அக்கம்பக்கத்தை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்திருக்கும். ஒரு மூலக்கூறு நகர வேண்டுமானால் பல பிடிகள் சேர்ந்து தளர வேண்டும். இடையில் தண்ணீர் புகுந்தால் பிடி அதன்மேல் விழும். அதுவோ சட்டென்று திரும்பி விலகிவிடும்.

‘மூலக்கூறுகளுக்கு இடையிலான விசை கூடினால் பாகுநிலையும் கூடும், பரப்பு இழுவிசையும் கூடும்’ என்று ஒரே வரியில் குறிப்பு எழுதிக் கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. பரப்பு இழுவிசை என்பது திரவத்தின் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும் இழுப்பு. 20 டிகிரியில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன், கிளிசரினுக்கு 63 சொச்சம். இதில் தண்ணீர்தான் மேலே. பாகுநிலையிலோ கிளிசரின் ஆயிரம் மடங்குக்கும் மேல். மேற்பரப்புக்கு வரும் மூலக்கூறு எவ்வளவு பிணைப்பை இழக்கிறது என்பது ஒரு கேள்வி. பக்கத்து மூலக்கூறைத் தாண்டிப் போக எவ்வளவு தடை என்பது வேறு கேள்வி. ஈரம் ஏறிய உன் கிளிசரினின் இழுவிசையை அளந்திருந்தால் கோளாறே கண்ணில் பட்டிருக்காது.

தண்ணீருக்கு வைத்திருக்கும் ஒஸ்வால்ட் குழாயில் (திரவம் இறங்கும் நேரத்தைக் கொண்டு பாகுநிலையை அளக்கும் நுண்குழாய்) மட்டும் இதை ஊற்றிவிடாதே. தண்ணீர் 100 நொடியில் இறங்கும் குழாயில் தூய கிளிசரின் 20 டிகிரியில் இறங்க 31 மணி நேரம் ஆகும்! உருண்டை முறையே நல்லது. பாட்டிலைத் திறந்ததும் சின்னப் பாட்டில்களில் விளிம்புவரை பிரித்து வை. உருளையில் ஊற்றியதை மறுபடி பாட்டிலுக்குள் சேர்க்காதே. பெரும்பாலும் ஈரம் ஏறுவது அப்படித்தான். ஊற்றும்போது சுவரோரமாக ஊற்றி, மூடி, குமிழி அடங்கும்வரை விடு. உருண்டையையும் அதே கிளிசரினில் முக்கியெடுத்து, மேற்பரப்புக்குக் கீழேயிருந்து விட வேண்டும். காய்ந்த உருண்டையில் குமிழி ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். வெப்பமானி கிளிசரினுக்குள்ளேயே இருக்கட்டும். ஈரத்தைப் போக்குகிறேன் என்று தீயில் காய்ச்ச வேண்டாம். சூடு மிஞ்சினால் அக்ரோலின் என்ற கார ஆவி கிளம்பிக் கண்ணைக் கரிக்கும்.

முதலில் அடர்த்திக் குப்பியில் எடை போட்டுப் பார். 20 டிகிரியில் தூயதன் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.261 கிராம், ஐந்து பங்கு தண்ணீர் ஏறியிருந்தால் 1.25ஐ ஒட்டி நிற்கும். அடர்த்தி இறங்கவே இல்லையென்றால் உருண்டையை மைக்ரோமீட்டரில் அள. வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், 2 மி.மீ. என்று எழுதிய டப்பாவில் எட்டில் ஓர் அங்குல உருண்டை கலந்திருந்தால், தூய கிளிசரினிலேயே 30 டிகிரியில் இதே 240 வந்து நிற்கும்.

அன்புடன்,
உன் நண்பன்