என் மேசையில் 10 திருகாணிகள் இருக்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரவேலைப் போட்டியில் என் சாப்பாட்டு மேசைக்கு முதல் பரிசு கிடைத்த செய்தியைப் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். மிக்க நன்றி. வீட்டில் வைத்துச் செய்த ஒரு மேசைக்கு இவ்வளவு இடம் ஒதுக்குவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. படமும் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் தலைப்பிலும் முதல் வரியிலும், ஆணி, திருகாணி எதுவுமே இல்லாமல் செய்த மேசை என்று போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. என் மேசையில் 10 திருகாணிகள் இருக்கின்றன. அடிப்பக்கத்தில் இருப்பதால் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. உங்கள் நிருபர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எந்த வயதில் இந்த ஆசை வந்தது, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

பாராட்டித்தானே எழுதியிருக்கிறார்கள், விட்டுவிடேன் என்றார் என் கணவர். வேலையிலிருந்த காலமெல்லாம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவள் நான். தப்பான எண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க வராது. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. செய்தி வந்த பிறகு என்னை அழைத்தவர்கள் கேட்டதெல்லாம் இந்த ‘திருகாணி இல்லாத’ வித்தையைப் பற்றித்தான். அதில் ஒருவர் தேக்குப் பலகைகளை வாங்கியே வைத்துவிட்டார். “மேற்பலகையைக் கீழேயுள்ள சட்டத்தோடு நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டிட்டா போதும்தானே, மேடம்?” என்று கேட்கிறார். போதாது. அப்படி ஒட்டினால் இன்றில்லாவிட்டாலும் ஒரு நாள் பலகை வெடிக்கும். இவரைப்போல இன்னும் எத்தனை பேர் பசை டப்பாவைத் திறந்துகொண்டிருக்கிறார்களோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

அறுத்து, காயவைத்து, இழைத்த பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காற்று வறண்டால் திருப்பி விடும். மழைக்காலத்தில் கதவு இறுகுவதும், வெயிலடித்ததும் லேசாகத் திறப்பதும் இதனால்தான். நீளவாக்கில் இந்த அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவு. அகலவாக்கில்தான் மொத்த விளையாட்டும். தேக்கு இந்த விஷயத்தில் அடக்கமான மரம். அந்தத் தேக்கிலேயே, ஆண்டு வளையங்களை ஒட்டினாற்போல் அறுத்த பலகையில் 80 செ.மீ. அகல மேற்பரப்பு செய்து, மரத்தின் ஈரப்பதம் 8 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு ஏறினால், அகலம் சுமார் 9 மில்லிமீட்டர் கூடும். வளையங்களுக்குக் குறுக்கே அறுத்த பலகையென்றால் ஏறக்குறைய அதில் பாதி. எப்படிப் பார்த்தாலும் பூஜ்யம் கிடையாது. கீழே குறுக்கே போகும் சட்டத்திலோ மர இழை அதன் நீளவாக்கில் ஓடுவதால் அது அசையாது. அசைகிற பலகையை அசையாத சட்டத்தில் இறுக்கி ஒட்டினால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் பலகைதான் பிளக்கும்.

பழைய மரம், வைரம் பாய்ந்த மரம், அதெல்லாம் அசையாது என்று ஒருவர் என்னோடு வாதாடினார். எத்தனை வருஷம் ஆனாலும் மரம் ஈரத்தை வாங்கி விடுவதை நிறுத்துவதில்லை. நாலு கோட் வார்னிஷ் அடித்தால் நின்றுவிடும் என்றார் இன்னொருவர். வார்னிஷ் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

சரி, அந்த 10 திருகாணிகள் என்ன செய்கின்றன? கால்களை இணைக்கும் நான்கு சட்டங்களின் உள்முகத்திலும், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒரு காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம், எடுத்திருக்கிறேன். கட்டைவிரல் அளவில் எட்டு மரக்கட்டைகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் நாக்குபோல் நீட்டிக்கொண்டிருக்குமாறு வெட்டியிருக்கிறேன். நாக்கு காடிக்குள் நுழைந்திருக்கும். கட்டை ஒரு திருகாணியால் மேற்பலகையின் அடியில் பிடித்திருக்கும். பலகை விரியும்போது கட்டையும் கூடவே நகரும், நாக்கு காடிக்குள் சறுக்கும். மேலே தூக்கினால் மட்டும் வராது. மிச்சம் இரண்டு திருகாணிகள் இரண்டு குட்டைச் சட்டங்களின் நடுவில், நேராகப் பலகைக்குள் ஏறியவை. அவை பலகையின் மையத்தைப் பிடித்துவைப்பதால் விரிவு இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்துவிடும். 9 மில்லிமீட்டர் என்றால் பக்கத்துக்கு நாலரை. வறண்ட காலத்தில் செய்பவர்கள் நீளச் சட்டங்களில் நாக்கின் நுனிக்கும் காடியின் அடிக்கும் இடையில் தாராளமாக இடம் விட வேண்டும். ஈரக் காற்றில் செய்பவர்கள் நாக்கை நன்றாக உள்ளே விட வேண்டும், பின்னால் பலகை சுருங்கும்போது கழன்று வராதபடி.

இதற்காகத்தான் எனக்குப் பரிசு கிடைத்தது என்று நான் நம்புகிறேன். நடுவர்களில் ஒரு பெரியவர் மேசையின் மேற்பரப்பைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. “அம்மா, இதைக் கொஞ்சம் கவிழ்க்கலாமா?” என்றார். “தாராளமா, ஐயா. ஒரு கை பிடிங்க” என்றேன். கவிழ்த்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு காடியிலும் விட்டு ஆழம் பார்த்தார். எட்டாவது கட்டை வரைக்கும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் கால் இணைப்புகளுக்கு வந்து, இணைப்பைப் பூட்டும் மரக்குச்சிகளான முளைகளை நகத்தால் தட்டினார். “துளையைத் தள்ளி வச்சீங்களா?” “ஆமாங்க, ஒரு மில்லிமீட்டர்.” அவ்வளவுதான் எங்கள் நேர்காணல். (வேலை தெரியாதவர்களுக்காக: சட்டத்தின் முனையில் காலுக்குள் நுழையும் நாக்குதான் கழுந்து. அதில் போடும் துளையை, காலில் போட்ட துளைக்கு நேராகப் போடாமல் ஒரு மயிரிழை சட்டத்தின் பக்கமாகத் தள்ளிப் போட்டால், முளையை அடிக்கும்போது அது சட்டத்தைக் காலோடு இழுத்து இறுக்கிவிடும். பசை கைவிட்டாலும் முளை கைவிடாது.)

கால்களும் சட்டங்களும் சேரும் இடத்தில் ஆணி இல்லை என்பது உண்மைதான். அதில் என் பெருமை எதுவுமில்லை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் தோண்டியெடுத்த, சுமார் 7000 ஆண்டுப் பழமையான கிணறுகளின் மரச்சட்டங்களிலேயே கழுந்தும் துளையுமான இணைப்பு இருக்கிறது. உலோகமே கையில் இல்லாத காலத்து மனிதர்கள் கல் கருவியால் செய்தது. நான் உளியும் கொட்டாப்புளியும் வைத்துக்கொண்டு செய்ததற்கு ‘அதிசயம்’ என்று தலைப்புக் கொடுத்தால் அவர்கள் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்து மெருகேற்றியதாக எழுதியிருந்தீர்கள். அது சரி. ஆனால் எண்ணெய் தேய்த்த துணியை என்ன செய்வது என்றும் ஒரு வரி போட்டிருக்க வேண்டும். இந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் உண்டாகும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானே தீப்பற்றிக்கொள்ளும், நெருப்புக்குச்சி தேவையில்லை. விரித்துப்போட்டுக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். வீட்டில் மரவேலை செய்பவர்களுக்கு உளி வெட்டிவிடுமோ என்று இருக்கும் பயத்தில் பாதியாவது இந்தத் துணியின்மேல் இருக்க வேண்டும்.

போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எங்கள் நடுவர்கள் கவிழ்த்துப் பார்த்தார்கள், எல்லாப் போட்டியிலும் அப்படி நடப்பதில்லை. பளபளப்புக்கும் வேலைப்பாட்டுக்கும் மார்க் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இளைஞர்களுக்கான சர்வதேசத் தொழில்திறன் போட்டியான வேர்ல்ட்ஸ்கில்ஸ் 1950-இல் ஸ்பெயினில் தொடங்கியது. அதன் மரவேலைப் பிரிவுகளில் இணைப்புகளின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் தனித்தனி மதிப்பெண். ஒட்டிய பிறகு யாருக்கும் தெரியப்போகாத உட்புறத்துக்கு மார்க்! அந்த முறை எல்லா இடத்துக்கும் வர வேண்டும்.

கடைசியாக, உங்கள் செய்தியில் இரண்டாம் பரிசு என்று ஒரு வரிகூட இல்லை. அது ஒரு நாற்காலி. செய்தவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். மேசை செய்வதைவிட நாற்காலி செய்வது கஷ்டம். மேசையில் எல்லாம் செங்கோணம், மூலைமட்டம் வைத்தால் முடிந்தது. நாற்காலியின் உட்காரும் பகுதி முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருப்பதால் பக்கச் சட்டங்கள் பின்காலுக்குள் சாய்வாக நுழைய வேண்டும், கழுந்தையும் அதே சாய்வில் வெட்ட வேண்டும். போதாததற்கு உட்காருகிறவர் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்து ஆடுவார். அந்தப் பாரமெல்லாம் அந்த இரண்டு இணைப்புகளின் தலையில்தான் விழும். அவருடைய நாற்காலியில் நானும் அப்படித்தான் ஆடிப் பார்த்தேன், ஒரு சத்தம் வரவில்லை. நடுவராக இருந்திருந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

மேசையின் அடிப்பக்கப் படம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். திருத்தம் வெளியிடும்போது இடம் குறைவாக இருந்தால் என் படத்தை விட்டுவிட்டு அந்த நாற்காலியின் படத்தைப் போடுங்கள். 10 திருகாணிகள் பற்றிய வரி மட்டும் எப்படியாவது வந்துவிடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி