ஒரு புள்ளி இடம் மாறிய கதை

ராயபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாஸ்கரா,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டுவதை மொத்தமாகத் திட்டிவிடு. வீட்டில் எல்லோரும் நலம். கோபால் இன்னும் அந்த ஐம்பது ரூபாயைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

எனக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை. கெட்ட கொழுப்பு 62க்கு இறங்கிவிட்டது. போன மாதம் டாக்டர் புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். சிஆர்பி, அதிலும் நுணுக்கமாக அளக்கும் ஹெச்எஸ் வகை. உடம்பில் எங்காவது அழற்சி, அதாவது புண்ணோ வீக்கமோ, இருந்தால் ஈரல் கூடுதலாகச் சுரக்கும் புரதமாம். ஒன்றுக்குக் கீழே நல்லது, மூன்றைத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லி அனுப்பினார். ரிப்போர்ட்டில் 0.46! கால் தரையில் பாவவில்லை. நேராகக் காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கிவந்து, தடித்த துண்டாக நான்கு வறுக்கச் சொல்லித் தின்று தீர்த்தேன்.

மறுநாள் டாக்டர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் பேனாவால் வட்டமிட்டார். டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அவர் சொன்ன ஒன்றும் மூன்றும் லிட்டர் கணக்கு. பத்தால் பெருக்கினால் 4.6. கணக்கில் நூற்றுக்கு நூறு என்று நாற்பது ஆண்டுகளாக உன்னிடம் பீற்றிக்கொண்டவன் நான். சிரிக்காதே. அலகை விட்டால் சுழியம் போட்டுக் குட்டும் நம் இயற்பியல் வாத்தியார் அந்த அறையில் நிற்பது போலவே இருந்தது.

கொழுப்பு இறங்கினால் கதை முடிந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்? குழாயில் படியும் உப்பு மாதிரி இல்லையாம் இந்த நோய். ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ளேயே வெள்ளணுக்கள் புகுந்து புண்ணாக்கிக்கொண்டிருக்குமாம். அந்தப் புண்ணின் மேல்தோல் மெலிந்து கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். இரவு படுத்தால் நீறு பூத்த நெருப்பு நினைவுதான் வருகிறது. வீட்டில் சொல்லவில்லை.

இதற்கு மாத்திரை இருக்கிறது. கவுட் வாதத்தில் கால் பெருவிரல் வீங்கும்போதெல்லாம் உன் மாமா விழுங்கினாரே, அதே கால்சிசின். நம் செங்காந்தள் விதையிலிருந்து எடுப்பது. கண்வலிக் கிழங்கு என்று நம் பாட்டிகள் தொடவிடாமல் விரட்டிய விஷச்செடி! 2020இல் வந்த ஆய்வில், நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் அரை மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். மாரடைப்பு முதலிய ஆபத்துகள் அவர்களுக்கு 31 சதவீதம் குறைவு. ஆனால் மாரடைப்பு வந்த கையோடு தொடங்கிப் பார்த்த 2024 ஆய்வில் பலன் தெரியவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகவே ஆகாது.

எனக்கு எழுதித் தருவார் என்று பார்த்தால், வாயைத் திறக்கச் சொன்னார். மூன்று மாதமாக நான் கிராம்பு வைத்து ஏமாற்றிய ஈறு. ஈறு வீங்கினாலும் சளி பிடித்தாலும் இந்த எண் ஏறும்; எரிவதைச் சொல்லும், எங்கே என்று சொல்லாது. முதலில் பல் வைத்தியர், பிறகு மறுபடி ரத்தம்.

பைபாஸ் முடிந்து எடுத்த பரிசோதனையில் "வெறும் 0.5" என்று நீ எழுதியிருந்தாய். பீரோவில் அந்தத் தாளைத் தேடு. எண்ணை விடு, பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் பார்த்து உடனே எனக்கு எழுது.

உன்,
ரங்கன்