விதிர்ப்புக்கும் விதிக்கும் என்ன உறவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில், 'விதிர்விதிர்த்தல்' என்றால் விதியை நினைத்துப் பயத்தில் நடுங்குவது, சொல்லும் 'விதி'யில் இருந்துதான் வந்தது என்று ஒரு வாசகருக்குப் பதில் போட்டிருந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிழை. அந்த 'ர்' எங்கிருந்து முளைத்தது என்றாவது யோசித்திருக்கலாம்.

தொல்காப்பியம் உரியியலில் "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்" என்றே ஒரு நூற்பா இருக்கிறது. அங்கே விதியின் பேச்சே இல்லை. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது குறள் 1077. "ஈர்ங்கை விதிரார் கயவர்" என்று தொடங்கும். தாடையை உடைக்க வருகிறவனுக்குத் தவிர வேறு ஒருவருக்கும், கயவர் சாப்பிட்ட ஈரக்கையைக்கூட உதறமாட்டார்களாம். இங்கே விதிர்த்தலில் பயமும் இல்லை, நடுக்கமும் இல்லை, வெறுமனே கையை உதறுவதுதான். வேல் விதிர்ப்பது, வாள் விதிர்ப்பது எல்லாம் இந்த வகைதான்.

சின்ன வயதில் நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் அம்மம்மா "கையை உதறாதை, தண்ணி தெறிக்குது" என்று ஏசுவார். அதே அம்மம்மா, சித்திரை மாதத்துப் பின்னேரங்களில் கொழும்பையே புரட்டிப்போடுகிற மாதிரி இடி இடிக்கும்போது "எனக்குக் கைகால் உதறுது பிள்ளை" என்று சுவரோரம் ஒதுங்கி இருப்பார். சொல் ஒன்றுதான், முதலாவது நாமாகச் செய்வது, மற்றது நம்மைக் கேளாமல் உடம்பு செய்வது. விதிர் அன்றைக்கு நடந்த பாதையில்தான் நம்முடைய உதறலும் நடந்திருக்கிறது.

அப்புறம், பயம் என்று மட்டும் பொருள் போட்டதும் சரியில்லை. திருவாசகத்தில் "மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து" என்று மாணிக்கவாசகர் பாடுவது பயத்திலா? மயிர் சிலிர்த்து, தலைமேல் கைவைத்து, கண்ணீர் ததும்பி நிற்கிறார், அது அன்பில் வந்த நடுக்கம். பயத்துக்கென்றே ஒரு சொல் வேண்டுமென்றால் நம்மிடம் 'வெருள்' இருக்கிறதே, வயலில் நிற்கிற வெருளியும் அதன் பிள்ளைதான்.

என் பேத்தி உங்கள் பதிலை வெட்டித் தமிழ்க் கொப்பியில் ஒட்டிவிட்டாள். வருகிற ஞாயிறு திருத்தம் போட்டால் அதன்மேலேயே ஒட்டிவிடலாம். பசை கைவசம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6