பாட்டில் வேண்டாம், தேதியை மட்டும் மாற்று

திருவல்லிக்கேணி,
ஞாயிறு காலை

அன்புள்ள ஏழுமலை,

உன் கடிதம் வந்தது சித்திரையில். இப்போது ஆவணி பிறந்துவிட்டது. நான்கு மாதம் பதில் போடாமல் இருந்ததற்கு என்னிடம் சாக்கு ஒன்றும் இல்லை, திட்டுவதானால் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். விசாலத்தின் முழங்கால் வலி இப்போது தேவலை. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். ராயப்பேட்டை மாமா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. உன் பெயருக்கும் சேர்த்து மொய் எழுதிவிடுகிறேன், வந்தபிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். “மார்கழியில் வருகிறேன், ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவர விடுகிறார்கள், இப்போதெல்லாம் உனக்கு எது பிடிக்கும்?” நாற்பது வருடமாக இதற்கு என்னிடம் ஒரே பதில்தான். ரம். கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட வேண்டிய ஒரு வார்த்தை. இந்த முறை பேனாவை எடுத்தால் அது வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கே தெளிவாக இத்தனை நாளாயிற்று.

பெரிய தெரு மேன்ஷனில் நமது மூன்றாவது மாடி அறையை நினைத்துக்கொள். சுபேதார் மகன் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே சுற்றிவைத்து ராணுவ கேன்டீன் ரம் கொண்டுவருவான். 1985இல் நான் முதன்முதலாகக் குடித்தது அதைத்தான். எவர்சில்வர் டம்ளரில் பாதி ரம், பாதி குழாய்த் தண்ணீர். அவன் கொண்டுவந்தது பிராந்தியாக இருந்திருந்தால் நான் பிராந்திக்காரனாகியிருப்பேன். இதை அப்போது யோசிக்கவில்லை. ரம் என் குணத்துக்கு ஏற்றது, நான் தேர்ந்தெடுத்தது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஓல்டு மங்க். 1954இலிருந்து வருகிறது, ஏழு வருடம் ஓக் பீப்பாயில் கிடந்தது. விளம்பரம் செய்யாமலேயே நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. குட்டையான, சொரசொரப்பான அந்தப் பாட்டிலின் மூடியைத் திருகினால் வெனிலாவும் கருகிய வெல்லமும் கலந்த வாசம் வரும். மார்கழி இரவில் வெந்நீர் ஊற்றி, எலுமிச்சைத் தோலை ஒரு சுற்று பிழிந்துபோட்டுக் குடித்தால் அதன் அருமை தெரியும். கோலா ஊற்றுகிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஏழு வருடம் மரத்தில் ஊறியதை ஏழு விநாடியில் மிட்டாய்த் தண்ணீர் ஆக்கிவிடுகிறார்கள்.

நீ பிராந்திக் கட்சி. ரம் சூடு, பிராந்தி மருந்து என்பாய். சளிக்குப் பிராந்தி, மழையில் நனைந்தால் பிராந்தி, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மூடி பிராந்தி என்று உங்கள் பாட்டி வரை சாட்சிக்கு இழுப்பாய். எத்தனை இரவு சண்டை போட்டிருக்கிறோம்! உனக்கு ஒரு செய்தி சொல்கிறேன், உட்கார்ந்து படி. நம் ஊரில் அன்று விற்ற பிராந்தி, விஸ்கி இரண்டிலும் பெரும்பகுதி திராட்சையும் இல்லை, பார்லியும் இல்லை. சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட். அதில் நிறமும் மணமும் சேர்த்தால் ஒரு லேபிளில் பிராந்தி, இன்னொரு லேபிளில் விஸ்கி. ரம்மும் அதே பாகுதான், ஆனால் அது தன் பிறப்பை மறைக்கவில்லை. எந்தப் பாட்டிலைத் திருப்பினாலும் அதே 42.8 சதவீதம், பழைய வெள்ளைக்காரக் கணக்கில் 75 டிகிரி. ஆக, நீயும் நானும் இருபது வருடம் கட்சி கட்டி வாதாடியது ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்காக.

நீ இப்போது அங்கே கோன்யாக் குடிப்பதாகவும், பழைய பிராந்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் எழுதியிருந்தாய். எப்படி இருக்கும்? அது பிரான்சில் அந்த ஒரு வட்டாரத்தில் விளைந்த வெள்ளைத் திராட்சையிலிருந்து செம்புப் பானையில் இரண்டு முறை வடித்து, குறைந்தது இரண்டு வருடம் ஓக் பீப்பாயில் வைத்தது. நீ அறுபது வயதுக்கு மேல்தான் முதன்முதலாகப் பிராந்தி குடித்திருக்கிறாய்.

பீரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அந்த மே மாதத்து மொட்டை மாடி மட்டும் மறக்காது. ஐஸ்பெட்டி ஏது நமக்கு? பாட்டிலுக்கு ஈரத் துண்டைச் சுற்றிக் கைப்பிடிச் சுவரில் நிறுத்திவைப்போம். மாலையில் கடற்காற்று அடிக்க அடிக்கத் துண்டு காயும், பாட்டில் குளிரும். துண்டு காய்ந்த பிறகும் பொறுத்திருந்து சூடாக்கிக் கெடுத்தவன் நீ.

மாப்பிள்ளை போன தீபாவளிக்கு பெங்களூரில் வடித்த சிங்கிள் மால்ட் விஸ்கி ஒன்று வாங்கி வந்தார். உண்மையான பார்லி. 2004இல் அதை முதலில் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில்தான் விற்பனைக்கு வைத்தார்களாம். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு இரண்டு சதவீதம் போனால் பெங்களூர் வெயிலில் பத்துக்கு மேல் போகிறது. அதனால் சீக்கிரம் முதிர்கிறது. நல்ல சரக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு மிடறுக்கும் மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிகிறது, தேன் தெரிகிறதா, ஆரஞ்சுத் தோல் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பரீட்சை அறையில் உட்கார்ந்தது போல் இருந்தது.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன்.

பங்குனியில் ஒரு சாவுக் காரியத்துக்குப் புதுச்சேரி போனேன். மறுநாள் காலை, பாகூர்ப் பக்கம் ஒரு கள்ளுக்கடைக்கு அழைத்துப்போனார்கள். கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு. மணி ஒன்பது இருக்கும். பக்கத்துப் பனையிலிருந்து அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். மரம் ஏறியவருக்கு என் வயது இருக்கும். மார்பில் மரம் உரசிக் காய்த்த தோல், இடுப்புப் பெட்டியில் பாளை அரிவாள். கலயத்தைச் சாய்த்து ஊற்றும்போது இரண்டு தேனீக்கள் மிதந்து வந்தன. அவர் பழுப்பு நிறத்தில் வலை போன்ற ஒரு நாரை எடுத்துக் குவளையின் வாயில் போட்டார். கள் கீழே இறங்கியது. தேனீயும் தூசியும் மேலே தங்கின. என்ன இது என்று கேட்டேன். “பன்னாடை” என்றார்.

ஏழுமலை, நம் கணக்கு வாத்தியார் தினமும் நம் இருவரையும் அழைத்த பெயர்! நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்கிறவன். வசவாக மட்டுமே தெரிந்த ஒன்றை அறுபத்திரண்டு வயதில் கையில் வாங்கிப் பார்த்தேன். ஈரமாக, மெல்லியதாக, கைத்தறித் துணி போல இருந்தது.

கள்ளுக்கு அரிசி கழுவிய தண்ணீரின் நிறம். நாக்கில் பட்டதும் முதலில் பதநீரின் இனிப்பு, அடுத்து ஓர் இளம் புளிப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் குறுகுறுவென்று ஏறுகிற ஒரு துடிப்பு. ஊறிய அரிசியும் பழுத்த பலாவும் கலந்த வாசம். காரம் போட்டு வறுத்த நெத்திலி ஒரு பிடி. போதை என்றால் பீர் அளவுதான், அதற்கு மேல் இல்லை. ஒரு குவளை குடித்துவிட்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கூட வந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயந்துவிட்டார்கள்.

அவர் விளக்கிச் சொன்னார். பாளையைக் காலையும் மாலையும் ஏறி மெல்லிசாகச் சீவிவிட வேண்டும், ஒரு நாள் விட்டாலும் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்டே பார்த்துக்கொள்ளும், சில மணி நேரத்தில் கள். காலையில் இனிக்கிற கள் மாலைக்குள் புளித்துப்போகும், மறுநாள் காடி. இதற்குப் பீப்பாயும் கிடையாது, பாட்டிலும் கிடையாது. மரத்தடிக்கு நாம்தான் போக வேண்டும்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது, மரம் ஏறிக் கள் இறக்கிய உன் சித்தப்பா ஞாபகம் வந்தது. 1986 சித்திரை, உன் அக்கா கல்யாணம். திண்டிவனத்திலிருந்து மாட்டு வண்டியில் உங்கள் ஊருக்கு வந்து இறங்கிய மறுநாள் விடியற்காலை, கொல்லையில் பனையோலைப் பட்டை மடித்து, அதில் கள்ளை ஊற்றி என்னிடம் நீட்டினார். “மெட்ராஸ் தம்பி, இதைக் குடிச்சுப் பாரு” என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு, பழக்கமில்லை என்றேன். முந்தின இரவுதான் உன்னோடு சேர்ந்து ரம் குடித்திருந்தேன். அது அவருக்கும் தெரியும். படித்தவன், கள் குடிப்பதா என்ற நினைப்பு. அவர் ஒன்றும் சொல்லாமல் பட்டையைத் தானே குடித்துவிட்டு ஓலையைக் கசக்கி எறிந்தார். அந்த முகம் இப்போது எழுதும்போதும் என் முன்னால் இருக்கிறது. நான் அவரிடம் செய்தது தவறு. அதை அவர் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வருடம் பிறந்த அன்றே, 1987 ஜனவரி 1 முதல், தமிழ்நாட்டில் கள் கிடையாது என்றாகிவிட்டது. உன் சித்தப்பா சின்னப் பையனாக இருந்தபோது, 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் திறந்தார்கள், 1974க்குள் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள், 1987இல் மூடியது மூடியதுதான். மரம் அதே மரம், பாளை அதே பாளை. அவர் மட்டும் ஒரு வருடம் தொழிலாளி, ஒரு வருடம் குற்றவாளி. பனை நம் மாநில மரம். அதில் வடிகிற கள்ளுக்கு இங்கே இடமில்லை. ஆலைப் பாகில் வடித்ததற்கு ஊர் முழுக்க இடமிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

கலப்படம் செய்வார்களே என்று நீ கேட்பாய். செய்வார்கள், அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் கலப்படத்துக்குக் கண்காணிப்புதானே மருந்து? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மரத்திலிருந்து இறக்கிய கள் இல்லை, மெத்தனால் கலந்த சாராயம். செய்தித்தாளில் அந்த வீடுகளின் படத்தைப் பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, எனக்கு எது பிடிக்கும் என்ற உன் கேள்விக்குப் பதில்: எனக்குப் பிடித்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் எனக்குக் கிடைத்தது. நானாகத் தேடிப் போய்ப் பிடித்துப்போனது அந்த ஒரு குவளைதான்.

இன்னொன்று. இதை எழுதாமல் விடக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். மகன் வீட்டு அடித்தளத்தில், பேரப்பிள்ளைகள் தூங்கிய பிறகு, தினமும் இரண்டு குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். இரண்டு வரி தள்ளி, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு மல்லிகா நினைப்பாகவே இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இந்த இரண்டு வரியையும் சேர்த்து நீ ஒருமுறை படித்துப் பார்த்தாயா? மது சீக்கிரம் தூங்கவைக்கும். உடம்பிலிருந்து இறங்க இறங்கப் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைக்கும். உன்னை மூன்று மணிக்கு எழுப்புவது அந்தக் கோன்யாக்தான். எழுப்பிவிட்டுத் தனியாக உட்காரவைக்கிறது.

நம் சிநேகிதன் நெட்டையும் முதலில் தூக்கத்துக்காகத்தான் என்றான். அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு நாம் இருவரும்தான் போனோம்.

நான் இப்போது மாதத்துக்கு இரண்டு முறை, அதுவும் ஆள் இருந்தால்தான். தனியாக ஒரு சொட்டு தொடுவதில்லை. அளவோடு குடித்தால் நல்லது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததும் போய்விட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. உன்னை நிறுத்து என்று அதிகாரம் செய்ய மாட்டேன். இரவு பத்து மணிக்கு அந்தப் பாட்டிலை எடுப்பதற்கு முன்னால் எனக்குப் போன் செய். இங்கே காலை ஏழரை, நான் காபி குடித்துக்கொண்டுதான் இருப்பேன். தினமும் செய்தாலும் எடுப்பேன்.

இனி பயண விஷயம். மார்கழியில் வராதே. கச்சேரி அடுத்த வருடமும் இருக்கும். மார்கழியில் பனை சுரக்காது. டிக்கெட்டைப் பங்குனிக்கு மாற்று. உன் சித்தப்பா மகனிடம் போனில் பேசினேன். கொல்லையில் இருந்த பதினொரு மரத்தில் நான்கு நிற்கின்றனவாம். கள் இறக்கக்கூடாது, பதநீருக்கு ஆள் பிடித்து ஏற்பாடு செய்கிறேன் என்கிறான். பட்டை மடிக்க அவனுக்குத் தெரியும், அப்பா சொல்லிக்கொடுத்தது என்றான். முதல் நாள் காலை அங்கே. மறுநாள் பஸ்ஸில் புதுச்சேரி, திண்டிவனத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். கார் வேண்டாம், திரும்பும்போது யாரும் ஓட்ட முடியாது.

அந்த இரண்டு லிட்டருக்குப் பெட்டியில் வைத்திருக்கும் இடத்தில் மல்லிகாவின் பெரிய படம் ஒன்றை வைத்துக் கொண்டுவா. விசாலம் கேட்டாள், எங்களிடம் இருப்பதில் முகம் சரியாகத் தெரியவில்லை.

தேதியை எழுது.

அன்புடன்,
சபாபதி