சளி கேட்டால் எச்சில் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனித உடலின் நீர்களைப் பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரத்தம், நிணநீர், பித்தநீர், கண்ணீர் என்று விரிவாக எழுதியவர் சளியை ஒரே வரியில் முடித்துவிட்டார். குடியாத்தத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குச் சோறு போட்டதே அதுதான், விட மனசில்லை.

முதுகுத்தண்டு நீரையும் மூட்டு நீரையும் டாக்டரே ஊசி போட்டு எடுத்துவிடுவார். ரத்தம் நாங்கள் எடுப்போம். நோயாளி தானே எடுத்துத் தர வேண்டியதில்தான் வம்பு.

எங்கள் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் அதிகம். இருமினால் "தூள் ஏறிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். ரெண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் டாக்டர் காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனைக்கு எழுதுவார். டப்பாவை வாங்கி, ஓரமாகப் போய், கூச்சத்தோடு துப்பி மூடி நீட்டுவார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலே தெரியும்: தண்ணியாக, மேலே நுரை கட்டி, வெறும் எச்சில். நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வாயில் ஊறுவது அது. நெஞ்சுக்குள் இருக்கும் கிருமியைக் காட்டித்தராது.

நெஞ்சுச் சளி கெட்டி. டப்பாவைச் சாய்த்தால் சோம்பலாக நகரும். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சிகளாகக் காசநோய்க் கிருமி. அதுவும் ஒரு மில்லியில் 5,000, 10,000 இருந்தால்தான் கண்ணில் படும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் மெஷின்கள், கிருமி அதைவிடக் குறைவாக இருந்தாலும் பிடித்துவிடும். அவற்றுக்கும் சளிதான் வேண்டும். எச்சிலைக் கொடுத்தவருக்கு 'நெகட்டிவ்' என்று சீட்டு வரும். அதை நம்பி, முறத்தை மடியில் வைத்து, பேரப்பிள்ளைகளுக்கு நடுவே இருமிக்கொண்டே பீடி சுற்ற உட்கார்ந்துவிடுவார்.

காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, ஆள் இல்லாத வெட்டவெளியில் நின்று, ரெண்டு மூன்று தரம் மூச்சை ஆழ இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். பாத்ரூமுக்குள் வேண்டாம். ரெண்டு மில்லி வந்தால் போதும். சொல்ல ஒரு நிமிஷம். கூட்ட நேரத்தில் அந்த ஒரு நிமிஷம் யாரிடமும் இருப்பதில்லை.

ஆகவே, டப்பா கொடுக்கும் ஜன்னலிலேயே இதைப் படம் போட்டு, தமிழிலும் உருதுவிலும் எழுதி ஒட்ட மாவட்டக் காசநோய் மையம் ஏற்பாடு செய்ய வேண்டும். பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்துக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
குடியாத்தம்.